ஐஸ் அறைக்குச் சூடு

லொறி ஐஸ் கொம்பனி வாசலில் வந்து நின்ற பிறகும் அன்ரோனெற் இறங்கவில்லை. மடியில் தையல் மெசினின் தலை. காலடியில் கோழிக்கூடு. முதுகுக்குப் பின்னால் ஒரு சாக்கு. அது இடைக்கிடை மூச்சு விட்டது.

“இறங்கன். கலியாணப் பொம்பிளை மாதிரி ஏன் குந்திக்கொண்டிருக்கிறாய்?” என்றான் அவளுடைய புருசன் கொன்ஸ்ரன்ரைன்.

“முதல்ல உங்கட மகராசியை இறக்குங்கோ. அவவுக்குப் பிறகுதானே இந்த வீட்டில நான்.”

மகராசி என்பது அந்தச் சாக்குக்குள் இருந்த மலைப்பாம்பு. மடுப் பக்கமிருந்து விறகு ஏற்றி வந்த ஒரு நாள், கட்டைகளுக்கு நடுவே விரல் தடிப்பில் சுருண்டு கிடந்தது. அடித்துப்போட வேண்டியதை இந்த மனிசன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். மன்னார் டவுனில் கோயிலுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டுக் குசினியில்தான் அது வளர்ந்தது. எலி தின்றது, கோழி தின்றது, கடைசியில் அன்ரோனெற்றின் பொறுமையையும் தின்றது. போன மார்கழி வாடைக்காற்றில் அதற்குச் சளி பிடித்து வாயில் நுரை தள்ளியபோது, மிருக வைத்தியர் நன்றாகச் சிரித்து முடித்துவிட்டு, “குளிர் கூடாது, சூடான இடத்தில வையுங்கோ,” என்றார். அன்று முதல் பாம்பு அடுப்புச் சாம்பலில் படுத்தது. விடியக்காலை சாம்பல் அள்ளக் கை விட்ட அன்ரோனெற் போட்ட கூச்சலில் கோயில் மணியடிக்கிறவர் ஓடி வந்தார்.

“அதுவோ நானோ, இப்பவே சொல்லுங்கோ!” என்றாள்.

அவன் யோசிக்க நேரம் கேட்டான். பாருங்கள், நேரம் கேட்டான்!

யோசித்துக் கண்டுபிடித்தது இந்த இடத்தைத்தான். தாராபுரம் றோட்டில், கடலுக்குக் கிட்ட, அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலோடு கைவிடப்பட்ட ஐஸ் கொம்பனி. மெசின்களை உப்புக்காற்று அரித்துவிட்டது. முதலாளி கொழும்புக்கே போய்விட்டார். யாராவது குடியிருந்தால் போதும் என்று பூட்டின் திறப்பைத் தூக்கிக் கொடுத்தார். முன்னால் மனேச்சர் இருந்த வீடு. முற்றத்தைத் தாண்டினால் ஐஸ் அறை.

“சூட்டுக்கு ஐஸ் அறையோ? உங்களுக்கு மூளை கழண்டு போச்சுதோ?”

“குளிரை வெளியில விடாத சுவர் சூட்டையும் வெளியில விடாது. ரெண்டு பலகைச் சுவர், நடுவில முழுக்க உமி. யோசிச்சுப் பார்.”

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குக் கோபம்.

கதவைத் திறந்தபோது ஈர உமியின் புளிச்ச மணம் வந்தது. அதற்குள்ளே மூக்கைக் குத்துகிற ஏதோ பழைய மருந்து வாடை. கதவு ஒரு முழத் தடிப்பு. உட்பக்கம் தகரம் அடித்திருந்தது. வெளிப்பக்கம் குறுக்கே விழுகிற இரும்புத் திறாங்கு. உள்ளே பிடி இல்லை. ஒரு வேலையாளை உள்ளே விட்டுச் சாத்தினால் அவன் எப்படித் திறப்பான் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். பிறகு, பாம்புக்குக் கைப்பிடி எதற்கு என்று விட்டுவிட்டாள்.

இன்னொன்றையும் அன்றைக்கே கண்டாள். மன்னாரில் கழுதை நுழையாத வளவு கிடையாது. இங்கும் ஐந்தாறு நின்றன. குசினி வாசல் வரை வந்து மரக்கறித் தோலுக்குத் தலையை நீட்டின. ஆனால் உச்சி வெயிலில்கூட ஐஸ் அறை நிழலுக்கு ஒன்றும் போகவில்லை. முற்றத்தின் நடுவே வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றன.

கூடு கட்டுகிற வேலையில் அவளும் இறங்கினாள். எதிரியைத் தூர வைப்பதற்கு மண் சுமப்பதில் ஒரு சந்தோசம் இருக்கத்தான் செய்கிறது. அறையின் வாசல் பக்கத்தில் ஆள் நிற்க இடம் விட்டு, குறுக்கே மரச்சட்டம் போட்டுக் கம்பிவலை அடித்தார்கள். உள்ளே கடற்கரை மணலைக் கழுவிக் காயவைத்துப் பரப்பினார்கள். ஏறிக் கிடக்க ஒரு பாலைக் கொப்பு, முழுகிக் கிடக்கச் சீமெந்துத் தொட்டி, ஒளித்துக்கொள்ள வாய் உடைந்த பெரிய பானை. பாம்பு சுட்டுக்கொள்ளாதபடி பல்புகளுக்கு மேல் கம்பிக்கூடை. அவனுக்குப் பெருமை எல்லாம் குழாய்களில்தான். முன்பு குளிர் ஓடிய குழாய்கள் சுவரைச் சுற்றிக் கிடந்தன. வெளியே அடுப்பில் ஒரு தார்ப் பீப்பாவை ஏற்றி, உடைமரக் கரி போட்டு, அந்தக் குழாய்களுக்குள்ளேயே சுடுதண்ணீரை ஓட விட்டான்.

“குளிர் ஓடின வழியால சூடு ஓடுது பாத்தியோ!” என்று குழாயைத் தட்டினான்.

சூடு ஓடியது. பல்புக்குக் கீழே தெர்மோமீற்றர் பாரன்ஹீட் தொண்ணூறுக்கு மேலே நின்றது. தொட்டிக்குப் பக்கத்திலும் அப்படித்தான்.

பின் மூலையில் மட்டும் ஏறவில்லை.

அங்கே சுவரின் உட்பலகை முழங்கால் உயரத்தில் உடைந்து, உமி கொட்டிக் கிடந்தது. “எலி,” என்றான் அவன். எலியின் பல்லும் அவளுக்குத் தெரியும், நகமும் தெரியும். பலகையில் இருந்த கீறல்கள் நாலு நாலாக நீளத்துக்கு இறங்கியிருந்தன. அவன் உமியை அள்ளித் திணித்து, தகரம் வைத்து, ஆணி அடித்து மூடினான். அடுத்த நாள் காலையில் தகரம் மணலில் கிடந்தது. ஆணிகள் நேராக இருந்தன. உமி பழையபடி கொட்டியிருந்தது.

மகராசியை விட்டார்கள். அவள் பல்புக்குக் கீழே போகவில்லை. குழாயோரம் போகவில்லை. நாக்கை நீட்டி நீட்டி, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, நேரே பின் மூலைக்குப் போனாள்.

சூட்டுக்காக அடுப்புக்குள் படுத்த பாம்பு!

இரண்டு கிழமைக்குள் அது நடுங்கத் தொடங்கியது. விட்டு விட்டு, உடம்பு முழுக்க, தையல் மெசின் ஓடுகிறபோது மேசை அதிருமே, அப்படி. அன்ரோனெற் பதறிப்போய்ப் புருசனைக் கூப்பிட்டாள். அவனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“அடைகிடக்கிறாளடி! மலைப்பாம்பு முட்டையைச் சுத்திக் கிடந்து உடம்பை நடுக்கித்தான் சூடு குடுக்கும். அந்த நேரம் ஒண்டும் தின்னாது.”

“ஆம்பிளைப் பாம்பைக் காணாமல் முட்டையோ? மாதாவுக்கு அடுத்தது உங்கட மகராசிதான்.” சொல்லிவிட்டு, சொன்ன வாய்க்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“சத்தம் போடாதை. இப்பதான் கண்ணயர்ந்தவள்.”

“பாம்புக்குக் கண்மடலே இல்லை. அது எப்பிடி அயரும்?”

ஆனால் அவளும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். அந்த அறையில் அப்படித்தான் பேச வந்தது.

முட்டையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் பின்னேரம் இருவருமாக வலைக்கதவைத் திறந்து கிட்டப் போனார்கள். அவன் ரோச் லைட்டைப் பிடித்தான். அடைகிடக்கிற பாம்பு மணலோடு மணலாகத் தாழ்ந்து கிடக்க வேண்டாமா? மகராசி உயர்ந்து நின்றாள். வளையத்தின் மேல் வளையமாக, அன்ரோனெற்றின் இடுப்பளவுக்கு. தலை எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்றும் இல்லாத இடத்தில், சாய்ந்து கிடந்தது.

நடுவில் முட்டை இல்லை.

நடுவில் ஒன்றுமே இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் குந்தியிருந்தால் எவ்வளவு இடம் பிடிப்பானோ, அவ்வளவு இடம் வெறுமையாக இருந்தது. பாம்பு அதை இறுக்காமல், விடாமல், சுற்றிப் பிடித்திருந்தது. தோல் தொங்கிப் போயிருந்தது. முதுகெலும்பு தெரிந்தது.

என்ன துணிவில் கையை விட்டாளோ தெரியாது. விட்டாள். ஐஸ் பெட்டியின் அடியில் மீன் தேடுகிறபோது விரல் விறைத்துப் போகுமே, அந்தக் குளிர். வெளியே இழுத்த கையில் ஈர உமி ஒட்டியிருந்தது.

“இந்த இடம் எனக்கு வேண்டாம்,” என்றாள், வெளியே வந்து. “நாளைக்கே போவம்.”

“அவள் செத்துப் போவாளடி. முதல்ல அவளைத் தேத்தி எடுக்க வேணும்.”

அவன் கரியைக் கூட்டினான். எவ்வளவு போட்டாலும் அடுப்பு அதைத் தின்றது. குழாய் தொட முடியாமல் கொதித்தது. பாம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. கொன்ஸ்ரன்ரைன் லொறி ஓடுவதை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் போய்க் குந்தியிருக்கத் தொடங்கினான். பாம்பு போனால் போகட்டும், இந்த மனிசனையும் அந்த மூலை இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று அன்ரோனெற் பயந்தாள். வாய் நிறையத் திட்டுவாளே தவிர, அவன் இல்லாத ஒரு நாளை அவளால் நினைத்துப் பார்க்க முடியாது.

மீன் விற்கிற திரேசம்மா காலையில் வருவாள். குசினிப் படியில் குந்தி, மீனை வெட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டு, ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். எந்நேரமும் ஐஸ் அறைக்கு முதுகைக் காட்டித்தான் குந்துவாள். அன்று அன்ரோனெற் ஆற்றாமல் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

திரேசம்மாவின் கத்தி நின்றது.

“நடுங்குதெண்டோ சொன்னனீ?”

“ஓமக்கா. அந்தச் சூட்டுக்குள்ள இருந்துகொண்டு. ஆரையோ கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிற மாதிரி.”

“எந்த மூலையில?”

“பலகை உடைஞ்ச மூலையில.”

திரேசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நெடுநேரம் அழுதாள். பிறகு சன்னமாகச் சொன்னாள்.

“அது என்ரை தம்பி சந்தியோகு, பிள்ளை. புயலண்டு காத்துக்குப் பயந்து அதுக்குள்ள ஒதுங்கினவன். உள்ளுக்கை ஐஸ் அடுக்கிக் கிடந்தது. ஐஸ் அறை சாத்தேக்கை ஒரு முறை இருக்குது. சாத்துற ஆள் கதவில கையால அறைஞ்சு, ‘உள்ளுக்கை நிக்கிற ஆக்கள் வெளியில வாங்கோ, கதவு சாத்தப் போறம்’ எண்டு கத்த வேணும். உள்ளுக்கை ஒருத்தரும் இல்லையெண்டு தெரிஞ்சாலும் கத்த வேணும். கத்தாமல் திறாங்கு போடுறேல்லை. அண்டைக்கு மனேச்சர், காத்து கதவைப் பிடுங்குதெண்டு ஓடி வந்து போட்டிட்டார். கத்தேல்லை. அவன் தட்டினது புயலுக்குள்ள ஆருக்குக் கேக்கும்? வெள்ளம் வடிஞ்சு திறக்கேக்கை, பலகையைப் பிடுங்கி உமிக்குள்ள புதைஞ்சு குந்தியிருந்தவன். சூடு தேடி.”

“மாதாவே!”

“அவனை ஒருத்தரும் கூப்பிடேல்லை. கூப்பிடாமல் எப்பிடி வருவான்?”

“நீங்கள் வந்து கூப்பிட்டிருக்கலாமே அக்கா?”

திரேசம்மா மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சட்டிக்குள் போட்டாள்.

“எனக்குப் பிள்ளையள் இருக்குது,” என்றாள்.

அந்தப் பதில் அன்ரோனெற்றுக்கு அப்போது விளங்கவில்லை.

அன்று மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வாடைக்காற்று மழையைக் கூட்டிவந்து ஓட்டில் கொட்டியது. உலையை இறக்கிவிட்டுச் சாப்பிடக் கூப்பிட வெளியே வந்தவள், கொன்ஸ்ரன்ரைன் ஒரு சாக்கோடு ஐஸ் அறைக்குள் போவதைக் கண்டாள். பாம்பை வெளியே எடுக்கத் துணிந்துவிட்டான் என்று விளங்கியது.

“இஞ்சேருங்கோ! நில்லுங்கோ!”

கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

காற்றுத்தான் என்று நினைத்துக்கொண்டு ஓடினாள். திறாங்கு விழவில்லை; மேலே பார்த்தபடி நின்றது. பிடியைப் பற்றி இழுத்தாள். கதவு அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கதவின் விளிம்பெல்லாம் குளிர்ந்திருந்தது. பக்கத்தில் பீப்பா கொதித்துக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்து தட்டும் சத்தம்.

ஆள் நின்று முட்டியால் இடிக்கிற சத்தம். பட பட என்று, அவசரமாக.

அதோடு சேர்ந்து இன்னொன்று.

கீழே, அவளுடைய முழங்காலுக்கு நேரே. விரித்த கையால், மெதுவாக. நெடுநாள் தட்டித் தட்டிக் களைத்துப் போன கை.

“அன்ரோ…” அவனுடைய குரல் தகரத்துக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் கேட்டது. “கதவைத் திற… மகராசி என்ரை தோளிலதான் கிடக்கிறாள்… வேற ஆரோ என்ரை காலைக் கட்டிப் பிடிச்சிருக்கினம்…”

“ஆரப்பா?”

“குளிருதடி.”

பிறகு நின்று இடித்த சத்தம் நின்றுவிட்டது. கீழே தட்டியது மட்டும் நிற்கவில்லை.

அன்ரோனெற் மழையில் நின்று ஒப்பாரி வைக்கவில்லை. சேசு மரி சூசை என்று சொல்லி, கையை விரித்து, கதவில் ஓங்கி அறைந்தாள்.

“உள்ளுக்கை நிக்கிற ஆக்கள் வெளியில வாங்கோ!” தொண்டை கிழியக் கத்தினாள். “எல்லாரும் வெளியில வாங்கோ! கதவு சாத்தப் போறம்!”

தட்டுதல் நின்றது.

கதவு தானாக, சத்தமில்லாமல், ஒரு முழம் திறந்தது. முதலில் அவளுடைய கணுக்காலை உரசிக்கொண்டு ஒரு குளிர் வெளியே போனது. அதன் பின்னாலேயே கொன்ஸ்ரன்ரைன் தள்ளாடி வந்தான். உதடு நீலம். புருவத்தில் உமி. தோளில் பாம்பு ஈரத்துணியாகத் தொங்கியது. அவள் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மழைக்குள்ளேயே குந்தி, வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்து பார்த்தபோது அறைக்குள்ளிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. பின் மூலையில் இருந்தும்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்றுதான் நினைத்தாள். பின் மூலையிலும் தெர்மோமீற்றர் தொண்ணூறைத் தொட்டது. அடித்த தகரம் விழாமல் நின்றது. மகராசி பல்புக்குக் கீழே சோம்பலாக நீண்டு கிடந்தாள். ஒரு முழுக்கோழியை விழுங்கினாள். அவளைப் பார்த்து அன்ரோனெற்றுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கழுதைகள் ஐஸ் அறை நிழலுக்குப் போய், அதன் கதவில் முதுகைச் சாய்த்துப் படுத்தன.

குசினி வாசலுக்கு அவை வரவில்லை. மரக்கறித் தோலைக் கொட்டினால் தூரத்தில் நின்று பார்த்தன.

கொன்ஸ்ரன்ரைன் மட்டும் தேறவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையைக் கழுவினான். பிடித்த திரளி மீன் குழம்பு வைத்தாலும் அப்படித்தான். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. குளிரில் நின்ற களைப்பு, போகப் போகச் சரியாகும் என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

தைப்பொங்கலும் போய், வாடை அடங்கி, வெயில் ஏறிய ஒரு மத்தியானம் திரேசம்மா வந்தாள். அவ்வளவு நாளும் அவள் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. முற்றத்தில் ஐஸ் அறையைக் கடந்து கூசாமல் நடந்து வந்தவள், குசினிப் படிக்கு எட்டத்தில் நின்றுவிட்டாள். படுக்கையறை யன்னலைப் பார்த்தாள்.

“கூப்பிட்டனீயோ?” என்று கேட்டாள்.

“ஓமக்கா. நீங்கள் சொன்ன மாதிரியே.”

“வந்தவனோ?”

“வந்தவர் போலதான். அறை இப்ப நல்ல சூடு.”

திரேசம்மா மீனைத் துணி தோய்க்கிற கல்லில் வைத்தாள். காசுக்கு நிற்கவில்லை. திரும்பிப் பார்க்காமல், கிட்டத்தட்ட ஓடி, வாசலைத் தாண்டிப் போனாள்.

எனக்குப் பிள்ளையள் இருக்குது.

அன்ரோனெற் மீனைக் கல்லிலேயே விட்டாள். அவள் படுக்கையறைக்குப் போனாள்.

யன்னலால் வெயில் நேரே கட்டிலில் விழுந்திருந்தது. ஓட்டு வெக்கையில் அறை அவிந்தது. கொன்ஸ்ரன்ரைன் சுவர்ப்பக்கம் திரும்பி, ஒருக்களித்துப் படுத்திருந்தான். இரண்டு கையையும் முன்னால் வளைத்திருந்தான். காலை மடக்கி எதையோ அணைத்திருந்தான். இறுக்காமல், விடாமல். முகவாய், ஒன்றும் இல்லாத இடத்தில், சாய்ந்திருந்தது.

நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் கிடக்கிற அளவுக்கு, வெறும் படுக்கை. அதில் ஈர உமி.

அவனுடைய உடம்பு நடுங்கியது. விட்டு விட்டு, தலையிலிருந்து கால் வரை. கட்டில் அதிர்ந்தது.

“என்னப்பா,” என்றாள். “இஞ்சேருங்கோ. எழும்புங்கோ.”

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

“சத்தம் போடாதை,” என்று முணுமுணுத்தான். “இப்பதான் கண்ணயர்ந்தவன்.”

கூப்பிட்டவள் அவள். போ என்று சொல்லுகிற முறை ஒன்றை ஒருவரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. வந்தவனுக்குச் சூடு வேண்டும், கிடைக்கும்வரை எடுத்துக்கொள்ளுவான். பாம்பின் முதுகெலும்பு தெரிந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. புருசனின் சட்டைக்கு மேலாகவும் இப்போது அது தெரிந்தது.

அலுமாரியைத் திறந்தாள். கலியாணத்துக்கு வந்த கம்பளிப் போர்வை, மன்னாரில் ஒரு நாளும் தேவைப்படாதது, அடித்தட்டில் இருந்தது. அதை உதறி விரித்து, கட்டிலின் மேல் போட்டாள்.

போர்வை கொன்ஸ்ரன்ரைனின் தோளில் விழுந்தது. கையில் விழுந்தது. அந்தக் கைக்கும் மார்புக்கும் நடுவில் மட்டும் தாழவில்லை. அவனுடைய தோளுக்குப் பக்கத்தில், இன்னொரு தோளின் உயரத்தில், அப்படியே நின்றது.

பிறகு அதன் விளிம்பை யாரோ உள்ளே இருந்து மெதுவாக இழுத்துக்கொண்டார்கள்.